பயணம் போகும் பெண் எங்கே சாப்பிடுவாள்?

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசும்போது வீடு, காணி, வாழ்வாதாரம், பிள்ளைகளின் படிப்பு என்று பல விடயங்களைப் பேசுகிறோம். அந்தப் பெண் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறாள் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. காணாமற்போன மகனைப் பற்றி விசாரணைக்கு அழைத்தால் போகிறாள். சிறையில் இருக்கும் கணவரைப் பார்க்க அநுராதபுரத்துக்கும் வெலிக்கடைக்கும் போகிறாள். மரணச் சான்றிதழுக்கு ஓர் அலுவலகம், நட்டஈட்டுக்கு வேறோர் அலுவலகம், கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை, புற்றுநோய் சிகிச்சைக்கு மஹரகம என்று அவளுடைய நாட்கள் பஸ்ஸிலேயே கழிகின்றன.

இவ்வளவு தூரம் போகும் பெண் வழியில் எங்கே சாப்பிடுகிறாள்? பொல்பிட்டியவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாதர் கூட்டங்களை நடத்தும்போது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானோரின் பதில், "சாப்பிடுறதில்ல மிஸ்" என்பதுதான். காலையில் வீட்டில் ஒரு ரொட்டியும் சாயத்தண்ணியும். பிறகு இரவு வீடு திரும்பும் வரை ஒன்றுமில்லை. சிலர் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. குடித்தால் மலசலகூடம் தேட வேண்டுமே என்ற பயம்.

காசு இல்லாததுதான் காரணம் என்று நாம் நினைக்கலாம். அது ஒரு காரணந்தான். ஆனால் ஓர் அக்கா சொன்னதைக் கேளுங்கள். "காசு ஒரு பக்கம் இருக்கட்டும் மிஸ். தனியா ஒரு பொம்பள கடையில குந்தி சாப்பிட்டா ஒரு மாதிரி பார்க்கிறாங்க. பொட்டும் இல்லாம இருந்தா இன்னும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க."

2010ஆம் ஆண்டு அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்ட கணக்கின்படி வடக்கு, கிழக்கில் மட்டும் கணவரை இழந்த பெண்கள் சுமார் 89,000 பேர். இத்தனை பெண்களும் வீட்டுக்குத் தலைவிகளாகி வெளியே போய் வர வேண்டியவர்களானார்கள். ஆனால் நமது ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் அவர்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவையல்ல. எனவே நானும் எங்கள் பெண்களும் போய்ச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று கண்ட சில இடங்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

தேநீர்க்கடையும் சமத்துவமும்

கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது சாதாரண விடயம் என்று சிலர் நினைக்கலாம். நமது சமூக வரலாறு அப்படிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க்கடைக்குள் போய் உட்கார முடியாது. அவர்களுக்கு வெளியில் வைத்து, வேறு போத்தலிலோ தகரப் பேணியிலோதான் தேநீர் கொடுப்பார்கள். இதை எதிர்த்து 1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களை நடத்தினார்கள். 1957ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளுக்கும் கோயில்களுக்கும் முன்னால் மக்கள் போராட வேண்டியிருந்தது.

ஒரு மேசை, ஒரு நாற்காலி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கோப்பை. இதற்காக மனிதர்கள் அடியும் உதையும் வாங்கினார்கள். கடைக்குள் போய் உட்காரும் உரிமை யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல. அப்படியிருக்க, கணவரை இழந்தவள் என்பதற்காகவோ தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதற்காகவோ ஒரு பெண் இன்று கடை வாசலில் தயங்கி நிற்கத் தேவையில்லை. காசு கொடுக்கிறோம், சாப்பிடுகிறோம். அவ்வளவுதான்.

வடக்கே போனால்: அம்மாச்சி

எங்கள் பகுதிப் பெண்களுக்கு வன்னி அந்நிய இடமல்ல. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி பக்கம் போய்க் குடியேறின. 1983க்குப் பிறகும் போனார்கள். யுத்தத்தின் கடைசி நாட்கள் வரை அந்த மண்ணில் கிடந்து எல்லாவற்றையும் இழந்தவர்களில் இவர்களும் உண்டு. சிலர் திரும்பி வந்து லயத்தில் உறவினர்களோடு ஒண்டியிருக்கிறார்கள். அங்கேயே இருப்பவர்களைப் பார்க்க இங்கிருந்து போகிறவர்களும் உண்டு. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று பஸ் மாறி மாறி வவுனியாவில் இறங்கும்போது உடம்பில் பாதி உயிர்தான் இருக்கும்.

அப்படி இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் 'அம்மாச்சி' உணவகம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் நடப்பது இது. வவுனியாவில் ஏ9 வீதியோரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியில் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிலும் தொடங்கப்பட்டது. வடக்கில் அம்மாச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். நாங்கள் லயத்தில் அம்மாயி என்போமே, அவர்தான். இந்த உணவகங்களுக்குத் தமிழ்ப் பெயரா சிங்களப் பெயரா என்று ஒரு விவாதமும் நடந்தது. கடைசியில் பாட்டியின் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பெண்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தட்டுகள் இருக்கும். ஒரு தட்டில் தோசை, அடுத்ததில் வடை, அதற்கடுத்ததில் அப்பம் அல்லது பிட்டு, இன்னொன்றில் இலைக்கஞ்சி, மற்றொன்றில் பழச்சாறு. கொழுக்கட்டை, மோதகம், உழுந்து, குரக்கன் பலகாரங்களும் உண்டு. எல்லாம் சைவம். நம் கண் முன்னாலேயே சுட்டுக் கொடுக்கிறார்கள். பழைய எண்ணெயா, நேற்றுச் செய்ததா என்ற சந்தேகம் வருவதற்கு இடமில்லை.

என்னைப் பொறுத்தவரை அம்மாச்சியின் பெருமை ருசியில் மட்டுமில்லை. இந்தப் பெண்கள் யாரிடமும் சம்பளத்துக்கு நிற்கவில்லை. இடத்தையும் கட்டடத்தையும் திணைக்களம் கொடுக்கிறது. அதற்குச் சிறு தொகையைக் கட்டுகிறார்கள். சாமான் வாங்குவது, சமைப்பது, விற்பது எல்லாம் அவரவர் பொறுப்பு. மிச்சம் வருவது அவரவர் கைக்கு. வீட்டுத் தலைவிகளாகிவிட்ட பெண்கள் இதில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். நாம் அங்கே கொடுக்கும் காசு இன்னொரு சகோதரியின் அடுப்புக்குப் போகிறது.

திருநெல்வேலியில் எங்கள் பெண்கள் சிலரோடு போயிருந்தபோது தோசை சுட்ட அம்மா, "எங்கயிருந்து பிள்ளையள் வந்தனீங்கள்? இருங்கோ, ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார். எங்கள் கூட்டத்தில் ஒருவர், கடைக்குள் போனால் தலை நிமிராதவர், அன்றைக்கு இன்னொரு தோசை கேட்டு வாங்கினார். ஒரு கடையை நல்ல கடை என்று சொல்ல எனக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். மத்தியான நேரத்தில் சனம் அதிகம். வரிசையில் நிற்கவும் இடம் பிடிக்கவும் சிரமப்பட வேண்டும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் சற்று முன்னதாகவே போவது நல்லது.

கண்டியிலும் பத்தரமுல்லையிலும்: ஹெல போஜுன்

அம்மாச்சிக்கு மூத்த அக்கா ஹெல போஜுன். இது மத்திய அரசின் விவசாயத் திணைக்களத்தின் பெண்கள் விரிவாக்கப் பிரிவு தொடங்கியது. முறை இதேதான். உள்ளூர்த் தானியங்களையும் கிழங்குகளையும் வைத்துக் கிராமத்துப் பெண்கள் செய்து விற்கிறார்கள்.

பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் ஒன்று இருக்கிறது. பேராதனை வைத்தியசாலைக்குக் கிளினிக் வருகிறவர்களுக்கு இது பயன்படும். கொஞ்சத் தூரந்தான், முச்சக்கர வண்டியில் போய்விடலாம். கொள கெந்த எனப்படும் இலைக்கஞ்சி, குரக்கன் மாவை இலையில் மடித்து அவிக்கும் ஹெலப, இடியப்பத்துக்குள் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்த லெவரியா, சோறு கறி எல்லாம் கிடைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பு வகையைத் தவிர்த்துக் கஞ்சியை எடுக்கலாம்.

மற்றது பத்தரமுல்லையில் இருக்கிறது. கடவுச்சீட்டு அலுவலகம் அங்கே சுஹுருபாயவில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் பத்தரமுல்லை கொஸ்வத்தையில்தான். தோட்டத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் பெண்கள் பலர் ஒரு நாளாவது பத்தரமுல்லையில் காத்திருக்க நேர்கிறது. பெரும்பாலும் ஏஜென்சிக்காரர் எங்கே அழைத்துப் போகிறாரோ அங்கேதான் சாப்பாடு, அவர் சொல்வதுதான் கணக்கு. அந்தச் சாப்பாட்டுக் காசும் பிறகு கடனில் சேர்வதுண்டு. பெண்கள் நடத்தும் கடை பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால், நம் சாப்பாட்டை நாமே வாங்கிச் சாப்பிடலாம்.

"சிங்களக் கடையாச்சே, ஏதும் சொல்வாங்களோ?" என்று வடக்கிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார். பயப்பட வேண்டியதில்லை. அங்கே அடுப்படியில் நிற்பவர்களும் பிள்ளைகளுக்காக உழைக்கும் தாய்மார்தான். விரலால் காட்டினாலும் புரிந்துகொள்கிறார்கள். எனினும் சில சொற்களைத் தெரிந்து வைத்திருப்பது நமக்குத் தைரியம் தரும். அவற்றைக் கீழே தருகிறேன்.

மற்ற ஊர்களில்

யாழ்ப்பாண நகரில் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் அருகில் மலாயன் கபே இருக்கிறது. பழைய சைவக் கடை. வாழையிலையில் சோறு தருவார்கள். வயிறு நிறையும், கறி கேட்டால் மீண்டும் வரும்.

கண்டி நகரில் தோசை வகை வேண்டுமென்றால் பாலாஜி தோசைக் கடை. நுவரெலியாவில் அம்பாள்ஸ் சைவக் கடை. இரண்டிலும் குடும்பமாக வருகிறவர்கள் அதிகம் என்பதால் பெண்கள் தனியே போனாலும் கூச்சமில்லாமல் இருக்கலாம்.

கொழும்பில் பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ், கிரீன்லண்ட்ஸ் போன்ற பழைய சைவ ஹோட்டல்கள் உள்ளன. வெள்ளவத்தை முழுவதுமே தமிழில் பேசிச் சாப்பிடலாம். ஆனால் சில பெரிய கடைகளில் ஏசி மண்டபத்துக்கு வேறு விலை. உட்காருவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். புறக்கோட்டையில் பஸ் ஏறுகிறவர்கள் செட்டியார் தெருப் பக்கம் போனால் சைவக் கடைகள் இருக்கின்றன.

எல்லா அனுபவமும் நல்லதாக இருக்கவில்லை. நீண்ட தூர பஸ்கள் இடையில் நிறுத்தும் ஒரு கடையில், சாப்பிடாதவர்கள் மலசலகூடத்துக்குப் போக முடியாது என்று எங்களைத் தடுத்தார்கள். எங்களோடு வந்த கர்ப்பிணிப் பெண்ணுக்காக ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கிய பிறகுதான் திறப்பைக் கொடுத்தார்கள். அதுவும் சுத்தமாக இல்லை. பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பதைச் சாரதியும் கடைக்காரரும் தீர்மானிக்கிறார்கள். பயணிகளில் பாதிப் பேர் பெண்கள் என்பது அவர்களுடைய கணக்கில் வருவதில்லை.

விலைகளை நான் இங்கே எழுதவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலைகள் எங்கும் ஏறிவிட்டன. இன்று எழுதியது நாளைக்குப் பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

1. உட்காருவதற்கு முன் விலையைக் கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல. விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

2. மலசலகூடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி வைப்பது கிருமித் தொற்றுக்கு வழி செய்யும்.

3. பஸ் நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ரோல்ஸ், பட்டிஸைவிடக் கண் முன்னால் சுடும் அப்பமோ தோசையோ மேல். குழந்தைகளுக்கு ஆறிய சாப்பாட்டை வாங்காதீர்கள்.

4. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் தெற்குப் பக்கக் கடைகளில் சம்பலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாசி போடுவது வழக்கம். மாசிக்குச் சிங்களத்தில் 'உம்பலகட' என்று பெயர்.

5. சிங்களத்தில் இந்தச் சொற்களைப் பழகி வையுங்கள். 'கீயத?' என்றால் எவ்வளவு. 'வத்துர' தண்ணீர். 'எலவலு விதரய்' என்றால் மரக்கறி மட்டும். 'மாலு எப்பா' என்றால் மீன் வேண்டாம். 'மஸ்' இறைச்சி, 'பித்தர' முட்டை. 'வெசிகிலிய கொஹெத?' என்றால் மலசலகூடம் எங்கே.

6. அதிக விலை எடுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பெண்களுக்கு எதிரான தொந்தரவுகளைத் தெரிவிக்க 1938 என்ற இலக்கம் உண்டு. சாப்பாடு பழுதாக இருந்தால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

7. முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே நாளில் அலுவலகம் போங்கள். கடையில் உட்காரவும் துணை, கூட்டத்தில் பையைப் பார்க்கவும் துணை.

பொல்பிட்டியவில் ஏன் முடியாது?

பெண்களே சமைத்து விற்கும் கடை நமது நாட்டில் மட்டும் உள்ள புதுமையல்ல. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் தொடங்கியது. ஓர் இட்டலி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விற்றார்கள். அங்கேயும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் சமைத்தார்கள். ஆனால் அவர்கள் நாட்கூலிக்கு வேலை செய்தவர்கள். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் தாங்களே குழுவாகச் சேர்ந்து உணவகம் நடத்துகிறார்கள். நமது அம்மாச்சி இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. மலிவான சாப்பாடு ஏழைக்கு உதவும். கடையின் வருமானம் பெண்ணின் கைக்கே போனால் அது அவளை எழுந்து நிற்க வைக்கும்.

இனி எங்கள் பகுதியைப் பார்ப்போம். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி ஆறாகும் இடம் எங்கள் பொல்பிட்டியப் பக்கந்தான். மின் நிலையம் இருக்கிறது. கீழே கித்துல்கலவில் ஆற்றில் படகு விட வருகிறவர்கள் ஏராளம். மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் போகிறார்கள். இத்தனை பேரும் வழியில் எங்கேயோ சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் காசில் தோட்டத்துப் பெண்ணின் கைக்கு வருவது மிகக் குறைவு.

எங்கள் பெண்களுக்குச் சமைக்கத் தெரியாதா? விறகடுப்பில் சுட்ட ரொட்டியும் அம்மியில் அரைத்த கட்டச்சம்பலும் சூடான தேத்தண்ணியும் எந்தப் பெரிய ஹோட்டலிலும் கிடைக்காது. உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுத்த கைகள் ஒரு கோப்பைத் தேநீரைத் தாங்களே விற்று இலாபம் பார்க்கக் கூடாதா?

ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது என்பதும் உண்மை. இடம் வேண்டும். தோட்டத்துக் காணியில் ஒரு தட்டுப் போடுவதற்கும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் வேண்டும், சுகாதாரப் பரிசோதனை முடித்து அனுமதி எடுக்க வேண்டும், முதல் மாதச் சாமானுக்குக் காசு வேண்டும். நுண்கடன் கம்பனிகளிடம் கை நீட்டி நொந்த அனுபவம் பலருக்கு இருக்கிறது. வடக்கில் இது நின்று பிடித்ததற்குக் காரணம், இடத்தையும் கட்டடத்தையும் அரச திணைக்களம் பொறுப்பேற்றதே. பெண்கள் தலையில் கடன் விழவில்லை. அதே ஏற்பாட்டை இங்கேயும் கேட்க வேண்டும். பிரதேச சபை, பிரதேச செயலகம், விவசாயத் திணைக்களம் ஆகியவற்றிடம் மாதர் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து எழுத்தில் கேட்டால் நிச்சயம் பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரை நம்மால் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. நீங்கள் போய் வந்த ஊரில், பெண்கள் பயமின்றி உட்கார்ந்து சாப்பிடக்கூடிய கடை எது, சுத்தமான மலசலகூடம் எங்கே இருக்கிறது, எந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று உங்கள் மாதர் கூட்டத்தில் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் ஊர் வாரியாக எழுதி வையுங்கள். அடுத்து அந்த ஊருக்குப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இந்தச் சஞ்சிகைக்கும் எழுதி அனுப்புங்கள். மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதினால் மஸ்கெலியாவில் உள்ளவருக்குப் பயன்படும், மன்னாரிலிருந்து எழுதினால் மாத்தளையில் உள்ளவருக்குப் பயன்படும்.

நீதி கேட்டு அலையும் பயணம் எப்போது முடியும் என்று நம்மால் சொல்ல முடியாது. அந்தப் பயணத்தைப் பட்டினியோடு செய்ய வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் இல்லை சகோதரிகளே. வயிறு நிறைந்தால்தான் அலுவலக மேசைக்கு முன்னால் குரல் நடுங்காமல் பேச முடியும். எனவே அடுத்த முறை பஸ் ஏறும்போது கோப்பையும் அடையாள அட்டையையும் எடுத்து வைப்பதுபோல, எங்கே சாப்பிடுவது என்பதையும் முன்னமே தீர்மானித்துக்கொண்டு புறப்படுங்கள்.